பதிப்பு 3.2-க்கான குறிப்பு

சஸ்கட்டூனில்
டயர்க் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
நாங்கள் நாலு பேர்.
குதிருக்குள் தானியம் புழுங்குகிறதா என்று
எட்டிப் பார்த்துச் சொல்லும் பெட்டி செய்கிறோம்.
பற்றவைப்பது டார்லீன்.
மென்பொருள் குகநேசன்.
பார்சல் கட்டுவது அன்றைக்கு அகப்படுகிறவர்.
என்ன மாறியது என்று
வாடிக்கையாளருக்கு எழுதுவது நான்.

"சிறு பிழைகள் திருத்தப்பட்டன" என்று எழுதியிருக்கிறேன்,
எந்தப் பிழை என்று கேட்காமலே.
"மூடி இனி அழகிய சாம்பல் நிறத்தில்" என்றும்.
நீலம் தீர்ந்துபோயிருந்தது.

ஜனவரி பதினாறு, விடிகாலை.
புதுப் பெட்டியைப் பின்வாசல் குப்பைத் தொட்டிமேல் வைத்துவிட்டு
உள்ளே ஓடி வந்தோம்.
மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்துகிற குளிர்.
பக்கத்தில் டார்லீன் தொங்கவிட்ட
சிவப்புச் சாராய வெப்பமானி:
மைனஸ் நாற்பது.
எங்கள் திரையில்:
மைனஸ் நாற்பது.
"பாத்தியா, ஒரு புள்ளி பிசகேல்லை"
குகநேசன் மேசையில் தாளம் போட்டான்.
டோனட் வாங்கித் தின்றோம்.
அந்த வாரமே இருநூற்றுப் பத்துப் பெட்டி அனுப்பினோம்.

பெட்டி பேசியது ஃபாரன்ஹீட்.
திரை கேட்டது செல்சியஸ்.
இரண்டு அளவுகோலும் ஆயுளில் ஒரே ஓரிடத்தில்
கைகுலுக்கிக்கொள்ளும்.
அங்கே போய் நின்றுகொண்டு
சண்டையே இல்லை என்று
சான்றிதழ் கொடுத்திருக்கிறோம்.

பெப்ரவரியில் மைனஸ் இருபதை மைனஸ் நாலு என்றது.
தானியம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்தானே என்று
யாரும் வாய் திறக்கவில்லை.
ஏப்ரல் கடைசியில் பத்து டிகிரியை
ஐம்பது என்றது.

ஐம்பது என்றால் கனோலா தீப்பிடிக்கப்போகிறது என்று பொருள்.
வாகாவ் பக்கத்தில் ஓரெஸ்ட்
இரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பி,
அடுத்த பண்ணைக்காரனையும் எழுப்பி,
குதிர் முழுவதையும் லாரிகளில் இறக்கினார்.
விடிந்ததும் தொலைபேசியில்
சத்தம் போடாமல் கேட்டார்:
"முழங்கை வரை விட்டுப் பார்த்தேன்.
கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கிறது.
காய்ச்சல் உங்கள் பெட்டிக்கா?"

முப்பத்திரண்டைக் கழி,
ஐந்தால் பெருக்கு, ஒன்பதால் வகு.
ஒரு வரி.
குகநேசனுக்குப் பதினொரு நிமிடம் ஆனது.
குறிப்புக்கு எனக்கு மூன்று நாள்.

"வெப்பநிலைக் காட்சியில் அரிதாகத் தோன்றிய சிக்கல்
சரிசெய்யப்பட்டது.
தானியத்துக்கு எந்தச் சேதமும் இல்லை."
இப்படிப் போடு என்றான்.
எங்கப்பன் குதிருக்குள் இல்லை, என்றேன்.
சிரித்தான்.
பிறகு கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தான்.

முதலில் 'அரிதாக' என்பதை அழித்தேன்.
அரிதாக நடந்தது,
அது சரியாகக் காட்டியதுதான்.
அடுத்து, யாரும் செய்யாமல்
தானே ஆகிவிட்டது போன்ற அந்த
'பட்டது'களையெல்லாம் அழித்தேன்.
மிஞ்சியதை அனுப்பினேன்:

பெட்டி இதுவரை சொன்ன எண்களில்
மைனஸ் நாற்பது தவிர எல்லாம் தவறு.
தவறு செய்தது நாங்கள்.
3.2-ஐ நிறுவுங்கள்.
நிறுவும்வரை கையை விட்டுப் பாருங்கள்.

பத்தொன்பது பெட்டி திரும்பி வந்தது.
ஒன்றில் கோதுமை மணி ஐந்தாறு ஒட்டியிருந்தது.
ஓரெஸ்ட் டீசலுக்கு நூற்று எண்பத்தாறு டாலர்
ரசீது அனுப்பினார்.
கட்டினோம்.
பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை;
நம்புகிறாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

சோதனைப் பட்டியலின் அடியில்
டார்லீன் பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்:
வெளியே மைனஸ் நாற்பது என்றால்
நாளைக்குப் பார்க்கவும்.