டம்மி எண் 40717

மே மாதம். வாலாஜா சாலை.
விடைத்தாள் திருத்தும் கூடத்தில்
ஆறு மின்விசிறிகளில் நான்கு சுற்றுகின்றன.
வேளைக்கு முப்பது தாள்.
பதினாறாம் கேள்வி, இரண்டு மதிப்பெண்:
கார்பன் டை ஆக்சைடு வாயு,
சிலிக்கன் டை ஆக்சைடு திண்மம். ஏன்?

பெயர் கிழித்த தாளில் நீல மசி சொல்கிறது:
"கார்பன் ஒல்லி சார். ஷேர் ஆட்டோவில்
ஆக்சிஜனை ஒட்டி உட்காரும்.
நேராக ஒரு கை, பக்கவாட்டில் ஒரு கை,
இரண்டையும் கோத்துக்கும்.
இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்.
மூணு பேரோடு கணக்கு முடிஞ்சது, வண்டி கிளம்பிடும்.
சிலிக்கனுக்கு உடம்பு பெரிசு. தள்ளித்தான் உட்காரணும்.
நேர்க்கை எட்டும், பக்கவாட்டுக் கை சரியா எட்டாது.
அதனால நாலு ஆக்சிஜனுக்கு ஆளுக்கொரு கை.
அந்த நாலு பேர்கிட்டயும் மிச்சம் ஒரு கை இருக்கு,
அது அடுத்த சிலிக்கனுக்கு.
வரிசை முடியவே முடியாது சார்.
அதான் பீச்."

நான் சார் இல்லை.
விடைக்குறிப்பில் ஷேர் ஆட்டோ இல்லை.
'அணு ஆரம்' ஒன்று, 'பை பிணைப்பு' ஒன்று;
சொல் இருந்தால் போடு, இல்லாவிட்டால் சுழி.
தலைமைத் திருத்துநர் அறிவுடைநம்பி
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்:
"பாவம், அரை போட்டுடுங்க மேடம்."

பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தேன்.
பைகிராப்ட்ஸ் சாலை முனையில் கவுஸ் மைதீன்
கட்டைவிரலால் கோலியை அமுக்கினார்.
புஸ்ஸென்று ஒரு கோபம் வெளியேறியது.

குப்பி சிலிக்கன். கோலியும் சிலிக்கன்.
உள்ளே முட்டிக்கொண்டிருந்தது கார்பன்.
ஒரே தொகுதி, மேல்மாடி கீழ்மாடி;
இருவர் பிடித்திருப்பதும் அதே ஆக்சிஜனை.
ஒருவன் மூக்கில் ஏறிக் கண்ணீர் வரவழைத்தான்.
மற்றவன் பல்லில் இடித்தான்.

இருபத்தாறு வருஷம்
கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்,
இடுப்பு ஒடுங்கிய சுரைக்காய் இரண்டை
பக்கத்தில் பக்கத்தில்.
எவ்வளவு தள்ளினால் தொடாமல் போகும் என்று
ஒருநாளும் யாரையும்
பெஞ்சில் நகரச் சொன்னதில்லை.

"கண்ணாடிய திருப்பிக் குடுத்துடணும் டீச்சர்,"
கவுஸ் மைதீன் கை நீட்டினார்.
"காத்து உங்களுக்கு."

திரும்பிப் போய் இரண்டு போட்டேன், முழுசாக.
நம்பி சார் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு
எதற்கு என்றார்.
சொல்ல வாயெடுத்தேன்.
ஏப்பம்தான் வந்தது.