இடது கை

இடது கையால் எழுதினேன்.
நாற்பத்தொரு வயதில் என் கை ஒன்று
மறுபடி பள்ளிக்கூடம் போனது.
எழுத்துகள் சாய்ந்து, ஒன்றின் தோளில் ஒன்று விழுந்து,
சந்தை நாளில் குடித்தவர்கள் போல் நின்றன.
நல்லது. இது நான் இல்லை.

செவ்வாய், வெள்ளி. இரவு இரண்டு மணிக்கு மேல்.
மீன் டப்பா ஆலையின் பழைய பனிக்கட்டிக் கிடங்குக்குப் பின்னால்
இரண்டாவது குழாய்.
கழுவிய அமிலம் நேராகக் கழிமுகத்துக்கு.
இவ்வளவுதான் எழுதினேன்.
அளந்தவளே நான்தான்.
குடுவையில் பார்த்த எண் ஒன்று,
நோட்டில் எழுதச் சொன்ன எண் வேறொன்று.

மீன் ஏலக் கூடத்தின் கதவில் ஒட்டினேன்.
கலீசியாவில் மழைக்கு ஓய்வில்லை,
பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒட்டினேன்.
உண்மைக்கு உறை போட்டேன்.
பெயர் போடவில்லை.

ஏன் என்று கேட்டால்:
ஆலையில் இருநூற்றுப் பத்துப் பேர்,
அதில் என் தங்கை புருஷன் ஒருவன்.
வீட்டுக் கடன் இன்னும் பதினாறு வருஷம்.
முன்பு உஷீயா எழுந்து நின்று, பெயர் சொல்லி, கேட்டாள்.
இப்போது ஓரென்சேயில் ஹோட்டல் படுக்கைகள் விரிக்கிறாள்.
இந்தப் பயத்துக்கு அன்று வெட்கப்படவில்லை.
இன்றும் முழுக்க இல்லை.

மூன்றே வாரத்தில் குழாயை அடைத்தார்கள்.
ஈர சிமென்ட் பக்கத்தில் நின்று
நகரத் தலைவர் படம் எடுத்துக்கொண்டார்.

மொட்டைக் கடுதாசி என்றால் ஊர் சும்மா விடாது,
யார் தலையிலாவது கட்டும்.
பிரெய்ஷோவின் தலையில் கட்டியது.
படகுத்துறைக் கட்டணத்துக்காக முதலாளியோடு
போன கோடையில் கத்தியவன்.
இடது கைக்காரன்.

இடது கைக்காரன்!
முப்பது வருஷம் ஒரே தெரு,
அவன் எந்தக் கையால் ரொட்டி வெட்டுகிறான் என்று
நான் பார்த்ததே இல்லை.
ஊர் பார்த்து வைத்திருந்தது.

முதலில் அவன் மட்டிகளை யாரும் வாங்கவில்லை.
பிறகு ஒரு விடியலில் படகின் கயிறு அறுந்து கிடந்தது;
கத்தியும் கையெழுத்துப் போடவில்லை.
பிறகு அதே கதவில் இன்னொரு காகிதம்.
அதே உறை, அதே தள்ளாடும் எழுத்து,
என்னுடையதைப் பார்த்து எழுதியது.
பிரெய்ஷோவின் மகளைப் பற்றி.
அவள் குழந்தைக்கு யார் தகப்பன் என்று.

என்னுடையது குழாயைப் பற்றி, இது ஒரு பெண்ணைப் பற்றி.
நான் மேலே இருப்பவனை நோக்கிப் பேசினேன்,
இது கீழே குனிந்து துப்புகிறது.
அதில் இருந்தது அளவு, இதில் வெறும் வாய்.
படுத்தபடி ஒவ்வோர் இரவும் இந்த வாதத்தில் ஜெயிக்கிறேன்.
ஆனாலும் அந்தக் காகிதம்
என் செருப்பை மாட்டிக்கொண்டுதான் நடந்து வந்தது.

மன்றக் கூட்டத்தில் செயலாளர்
இரண்டையும் ஒரே குரலில் வாசித்தார்.
எழுதியவர், தெரியவில்லை.
எழுதியவர், தெரியவில்லை.
நான்காவது வரிசையில் நான்,
மடியில் குடை, பாவாடையெல்லாம் தண்ணீர்.

பிரெய்ஷோ எழுந்தான்.
“என் பெயர் பிரெய்ஷோ லாரேயோ.
முதல் காகிதத்தை நான் எழுதவில்லை.
எழுதியிருக்க வேண்டும்.”
உட்கார்ந்துவிட்டான். யாரோ இருமினார்கள்.
அடுத்த பொருள், தெருவிளக்கு.

இப்போது மேசைமேல் இன்னொரு காகிதம்.
நாளும் நேரமும் குழாயும் மறுபடி,
கீழே முழுப்பெயர், சபேலா ஓத்தேரோ.
வலது கைதான். அதுவும் தள்ளாடுகிறது.

பிளாஸ்டிக் உறை தீர்ந்துவிட்டது.
கடை ஒன்பது மணிக்குத் திறக்கும்.
வெளியே மழை.