அளந்து

பார்னு ஆற்றில் பனிக்கட்டி உடைந்த வாரம்
ட்ரீனுவின் அலமாரியில் பதினோரு டப்பாக்கள்.
ஒன்று தசைக்கு, ஒன்று தூக்கத்துக்கு,
ஒன்று எதற்கென்று அவளுக்கே மறந்துவிட்டது;
மூடியில் சிங்கம் மட்டும் இன்னும் உறுமுகிறது.

அவள் முதுகைப் பார்த்தபடி
ஆறு வருடமாகத் துடுப்புப் போடுகிறேன்.
எழுநூறாவது மீட்டரில் அந்த முதுகு
ஈரச் சாக்காய்த் தொங்கும்.
எந்தச் சிங்கமும் வந்து இழுத்ததில்லை.

மருத்துவர் உல்லே ஒரு குப்பி ரத்தம் கேட்டார்.
நான்காம் நாள் தாளில்:
இரும்புச் சேமிப்பு, ஒன்பது.
"இதை நிரப்பு.
எஸ்டோனிய இருட்டுக்கு வைட்டமின் டி.
மற்றபடி, சாப்பிடு."
கடைசிச் சொல்லைத்தான் அழுத்திச் சொன்னார்.

மிச்சத்தை ஆற்றில் கொட்டலாம் என்றாள்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமே,
மீன்களுக்கு யார் ரத்தம் பார்ப்பது?
குப்பைக்கூடை போதும்.

கெர்ட்டை நினைத்துக்கொண்டோம், பேசவில்லை.
லேபிளில் இல்லாத ஒன்று
அவன் பொடியில் இருந்தது.
சிறுநீர்க் குப்பிக்குத் தெரிந்துவிட்டது.
இப்போது லாரி ஓட்டுகிறான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை,
ஆரஞ்சுச் சாற்றோடு.
காப்பி ஒரு மணி நேரம் கழித்து.
அந்த ஒரு மணிதான் கொடுமை:
கடிகாரத்தை முறைத்தபடி
கம்பு ரொட்டியில் மீன் அடுக்குவாள்.

மூன்று மாதம்.
அதிசயம் எதுவும் நடக்கவில்லை.
எழுநூறைத் தாண்டியும் நிமிர்ந்திருந்தாள், அவ்வளவுதான்.
தொள்ளாயிரத்தில் தொங்கியது என் முதுகு.
அதைப் பார்க்க
என் பின்னால் யாருமில்லை.

வியாழன் எட்டு மணிக்கு
உல்லேயிடம் ஒரு குப்பி.