பதின்மூன்றாம் மாதம்

பொலோஞ்ஞாவில்
செருப்புத் தைப்பவரின் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
வக்கீல் ஓர்னெல்லா ஸம்பெல்லி
என் காகிதங்களை மேசையில் பரப்பி
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
"இந்த மூன்று பேரில் நீங்கள் யார்?"

கேள்வி நியாயம்தான்.
கோண்டாரில் தந்த பிறப்புச் சான்றிதழில் யிபெல்தால்.
சிசிலிக் கரையில் விரல்ரேகை எடுத்தவன் காதில்
விழுந்தது எபல்தால்.
கிடங்கு முதலாளியின் சம்பளச் சீட்டில்
வெறும் தால்.
மூவருக்கும் வயிறு ஒன்றுதான்,
அதற்குச் சாட்சி இல்லை.

பிறந்த தேதி இன்னும் மோசம்.
எங்கள் ஆண்டுக்கு மாதம் பதின்மூன்று.
கடைசி மாதம் பாகுமே,
ஐந்தே நாள்; நான்காண்டுக்கு ஒருமுறை ஆறு.
அந்த ஆறாம் நாளில் போய்ப் பிறந்து தொலைத்தேன்.
கணினியில் பதின்மூன்றாவது கட்டம் கிடையாது.
ஒருவன் டிசம்பர் என்றான்.
இன்னொருவன் சோம்பல்பட்டு
ஜனவரி ஒன்று என்று போட்டான்.
அன்று படகில் வந்த முப்பது பேருக்கும்
ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள்.
ஒருவரும் கேக் வெட்டவில்லை.

இவரிடம் வருமுன்
ரயிலடி பாரில் ஒருவன்.
ஆயிரத்து இருநூறு யூரோ.
"ஆறு வாரத்தில் கையில் கார்டு" என்றான்.
எனக்கில்லாத ஒரு மாமனையும்
ஃபெராராவில் ஒரு வீட்டையும்
பத்தே நிமிடத்தில் எழுதிக் கொடுத்தான்.
கடைசியில் எனக்கு மிஞ்சியது
பதினாறு யூரோ அரசு ஸ்டாம்ப் ஒன்று.
அதுவும் ஒட்டாதது.

ஓர்னெல்லா முதலில் மாமனை அடித்தார்.
பிறகு வீட்டை.
சிவப்புப் பேனாவுக்குக் கீழே
நான் மெலிந்துகொண்டே போனேன்.

"கிடைத்துவிடுமா?"

"வாக்குறுதி வேண்டுமானால் பாருக்கே போங்கள்.
இங்கே ரசீதுதான்."

நிஜமாகவே தந்தார்.
தவணை ஒன்று, நூறு யூரோ, வரிசை எண், கையெழுத்து.
இந்த நாட்டில் என் பெயரைப்
பிழையில்லாமல் எழுதிய முதல் தாள்.

பிறகு இரண்டு நாள்காட்டிகளை அருகருகே வைத்து
விரல்விட்டு எண்ணினார்:
எண்பத்தேழு, செப்டம்பர் பதினொன்று.
நின்ற நிலையில் எட்டு வயது குறைந்தேன்.
முட்டிவலி மட்டும்
பழைய தேதியிலேயே நின்றது.

எழுந்தபோது, கோப்பை மூடாமலே கேட்டார்:
"அந்த ஐந்து நாள் மாதத்தில் என்ன செய்வீர்கள்?"

மழையில் நனைவோம் என்றேன்.
புனித ரஃபாயேல் நாளில் பெய்தால் அது தீர்த்தம்.
சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத்
தெருவுக்கு ஓடுவோம்.

தலையசைத்தார். எழுதிக்கொள்ளவில்லை.
அதற்கும் கட்டம் இல்லை.

கீழே வந்தால் தூறல்.
இந்த ஊர் நடைபாதைகளுக்கெல்லாம் கூரை;
குடையில்லாமலே வீடு போய்ச் சேரலாம்.
தூண்களைத் தாண்டி ஓரடி வைத்தேன்.

சட்டைக்குள்ளே ஒன்பது நகல்கள்,
ஏப்ரல் மாதத்து நேர்காணல் சீட்டு.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.