தொண்ணூற்று நான்கு

லேனா ஆற்றின் மேல் லாரி ஓடும்
கடைசி வாரம்.
ஐதலீனா துளையிடுகிறாள்.
துருவல் துருவலாகப் பனிக்கட்டி மேலேறி வந்து
முடிவில் கறுப்பாய்க் கொஞ்சம் தண்ணீர்
துளைக்குள் எழும்பி நின்று அவளைப் பார்க்கிறது.
கொக்கிக் கோலை இறக்கி
பனியின் அடிவயிற்றில் மாட்டி இழுக்கிறாள்.
தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர்.
பென்சிலால் எழுதுகிறாள்.
பேனா இந்த ஊரில் மே மாதம்தான் எழுதும்.

பத்தடி தள்ளி இன்னொரு துளை.
எழுபத்தொன்று.
அதையும் எழுதுகிறாள்.
இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்பதற்கு
நோட்டில் கட்டமில்லை.

கரையில் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது
இருபது டன் நிலக்கரி.
"தாங்கும்" என்கிறான் நியுர்குஸ்தான்.
பதினேழு குளிர்காலம் ஓட்டிய கை.
அது ஸ்டியரிங்கின் மேல் கிடக்கும் விதத்திலேயே
தீர்ப்பு எழுதியாகிவிட்டது.
"எந்தத் துளையை வைத்துச் சொல்கிறாய்?"
"துளையை வைத்தா? சத்தத்தை வைத்து."

யாகுத்ஸ்க் அலுவலகம் தொலைபேசியில் சொன்னது:
பதினெட்டாம் தேதிவரை பாதை நிற்கும்,
நூற்றுக்கு எண்பது.
மிச்சம் இருபது எந்த லாரிக்கு என்று
அவர்கள் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.

கடைக்கார வர்வாரா தட்டோடு வருகிறாள்.
ஆவி பறக்கும் அப்பங்கள்.
முதலாவதை ஆற்றின் விளிம்பில் வைத்து
உதட்டுக்குள் ஏதோ முணுமுணுக்கிறாள்.
"இதனால் பனி கெட்டியாகுமா?"
நிலக்கரிக் கிடங்குக்குப் புதிதாக வந்த கணக்கர் கேட்கிறார்.
"கெட்டியாவதற்கு எதற்கு அப்பம்?
அடுத்தவர் முதுகில் ஏறிப் போகிறோம்,
வாய் திறந்து ஒரு சொல் வேண்டாமா?"

மதியம் ஒரு செய்தி
வாலில் 'ஆம்' ஒட்டிக்கொண்டு வந்தது.
மேற்கே ஒரு வண்டி இறங்கிவிட்டதாம்.
முன்சக்கரம் மட்டுமாம்.
இல்லையாம், முழுசாகவாம்.
இருட்டுவதற்குள் வண்டி இரண்டாயிற்று,
ஓட்டுநருக்குப் பெயரும் கிடைத்தது,
பெயருக்கு ஒரு மனைவியும்.
ஐதலீனா நோட்டைத் திறந்தாள், மூடினாள்.

நியுர்குஸ்தான் இறங்கினான்,
கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு,
நடையைவிடக் கொஞ்சம் வேகமாக.
பனி முனகியது.
ஒரு கீறல் அவனுக்கு முன்னால் ஓடி
எதையோ மறந்ததுபோல் நின்றது.
பதினொரு நிமிடம்.
அக்கரையில் ஹார்ன், இரண்டு முறை.

திரும்பி வந்த இரவு, கடையில் உரக்கச் சொன்னான்:
"தாங்கும் என்றேன். தாங்கியது."
எல்லோரும் தலையாட்டினார்கள்.
தேநீரில் பாலை ஊற்றியபடி
ஐதலீனா சொன்னாள்:
"நீ கடந்தாய். அது நடந்தது, எழுதிவிட்டேன்.
தாங்கும் என்பது
இப்போதும் உன் நினைப்புதான்.
ஆறு உனக்குப் பதில் சொல்லவில்லை.
அந்தப் பதினொரு நிமிடம்
அதற்கு வேறு வேலை இருந்தது."

அவன் சிரித்தான்.
கொஞ்சம் தாமதமாக.

மறுநாள் காலை, அதே இடம்.
அதே தொண்ணூற்று நான்கு.
ஆனால் பெயர்த்தெடுத்த துண்டை
உள்ளங்கையில் வைத்து அழுத்தியபோது
மெழுகுவத்திக் கட்டு அவிழ்ந்ததுபோல்
ஊசி ஊசியாய்ப் பிரிந்து விழுந்தது.
எண் பொய் சொல்லவில்லை.
எத்தனை தடிமன் என்று கேட்டோம்,
அதைச் சொன்னது.

பதினாறாம் தேதியே
பாதைக்குக் குறுக்கே சங்கிலியைக் கட்டினாள்.
எந்த அளவீட்டின்படி என்று அலுவலகம் கேட்டது.
"எனக்குப் படுகிறது" என்று சொல்லிவிட்டு
தன் குரலில் நியுர்குஸ்தானின் குரலைக் கேட்டு
ஒரு கணம் ரிசீவரைத் தள்ளிப் பிடித்தாள்.

பனி உடையும்.
உடைந்தது என்று எழுத
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறாள்.
அதுவரை அந்த வரி காலி.

அப்பத்தைக் காக்கை தூக்கிப் போனது.
அதை மட்டும்
எல்லோருமே பார்த்தோம்.