கூ

எழுத நான்கு எழுத்து வேண்டும்.
சொல்ல ஒரு மூச்சு போதும்: கூ.
கடைசியில் நிற்கும் பகரத்தை
பிரான்சில் எவரும் உச்சரிப்பதில்லை.
காதில் விழாத அதை
விடாமல் எழுதத்தான்
நீதிமன்றத்தில் எனக்குச் சம்பளம்.

சேன் பிரியூ. பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
வெந்நீர்க் குழாய்கள் காலையிலிருந்தே
சுவருக்குள் இருமிக்கொண்டிருந்தன.
சாட்சிக் கம்பியைப் பிடித்தபடி இவோனிக் லெ கொவாசியூ,
வயது அறுபத்தொன்று, சிப்பி தரம்பிரிப்பவர்,
குளித்து வந்தும் நகக்கண்ணில் சேறு.

"அடுப்பு இறக்கணும், ஒரு கைக் கூ கொடு என்று
எர்வே கூப்பிட்டான். கொடுத்தேன்.
பிறகு உட்கார்ந்து ஒரு கூ குடித்தோம்.
ஒன்று என்றால், நாலைந்து."
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
"அப்புறம் கடலிலிருந்து காற்றின் கூ.
என் கொட்டகைத் தகரம் பறந்தேபோனது, மேடம்,
காப்பீட்டுக்காரன் இன்னும்…"
விஷயத்துக்கு வாருங்கள் என்றார் நீதிபதி.
"வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.
அப்போது ஒரு கூ கேட்டது."

எந்தக் கூ?

கன்னத்தில் விழுவதும் அதுதான்,
துப்பாக்கி துப்புவதும் அதுதான்.
தேவாலய மணி நள்ளிரவில் பன்னிரண்டு,
திரை விலகுமுன் நாடக மேடையில் மூன்று.
தாழிடாத சன்னல் சுவரில் மோதினால் ஒன்று.
கண்டதும் காதல் கொண்டால் அது மின்னலின் கூ;
எர்வேயும் ஒதீலும் அப்படித்தான் மணந்தார்களாம்,
கோப்பில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

"காற்றாக இருக்கலாம்," என்றார் இவோனிக்.
எதிரித் தரப்பு வழக்கறிஞர்
காற்று, காற்று என்று எனக்குச் சாடை காட்டினார்.

முன்வரிசையில் ஒதீல் கெராம்ப்ரன்.
அறை கொதித்தும்
பச்சைக் கம்பளித் துண்டை அவள் அவிழ்க்கவில்லை.
கழுத்துக்கும் எங்களிடம் கூ என்றுதான் பெயர்,
எழுதும்போது பகரம் கிடையாது.
விலையும் கூ. அதன் ஊமை எழுத்து வேறு.
கேட்பவர்களுக்கு எல்லாம் ஒன்று.
தட்டச்சு செய்கிறவளுக்கு மட்டும்
மூன்று.

"எழுந்து போய்ப் பார்க்கவில்லையா?"

"இல்லை மேடம். அந்தக் கூ நான் போகவில்லை."

அவரறியாமல் நழுவி விழுந்தது அது.
தடவை என்பதற்கும் எங்களிடம் இதே சொல்.
அந்தத் தடவை போகவில்லை.
என் விரல்கள் நின்றன.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை.
"அப்படியானால், போன தடவைகள் உண்டு."

இவோனிக் தன் கைகளைப் பார்த்தார்,
சிப்பியின் எடையை உள்ளங்கையில் பார்ப்பதுபோல.
"மூன்று," என்றார்.
குழாய் ஒருமுறை இருமி அடங்கியது.
"ஐந்து. சர்க்கரை கேட்கிற சாக்கில் போவேன்.
எனக்கு நீரிழிவு, மேடம். அவளுக்கும் அது தெரியும்.
ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தில் போட்டுத் தருவாள்."

ஒதீல் அப்போதுதான் தலை தூக்கினாள்.

மதியம் பெரஞ்சேர் வந்து என் நாற்காலியை ஆட்டினாள்:
"அப்போ, எங்கே சாப்பிடலாம்?"
அந்த ‘அப்போ’வுக்குள்ளும் இருக்கிறது அது.
அடியின் விளைவாக, என்பது நேர்ப்பொருள்.
வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்கிறோம்,
யாருக்கும் வலிப்பதில்லை.

நீ போ என்றேன்.
பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
பதினான்காம் அடியில்
பகரம் விட்டுப்போயிருந்தது:
படுத்தேன், அப்போது ஒரு கழுத்து கேட்டது.

திருத்துமுன் ஒரு தரம்
ஆளில்லாத அறையில் வாய்விட்டுப் படித்தேன்.
காதுக்கு
பிழையே இல்லை.