ஒரு குடை, சீனி கம்மி

லோரி கவிழ்ந்த இரவில்
செம்பனைக் குலைகளோடு
என் சொற்கள் சிலவும் உருண்டுபோயின.
பீடோர் சாலையோரம்
குலையை மட்டும் எண்ணி எடுத்தார்கள்.

கோப்பிக் கடையில்
"ஒரு குடை, சீனி கம்மி" என்றேன்.
ஆ லெக் முகம் மாறாமல் கேட்டான்:
"சூடாவா, ஐஸா?"
ஏழு மாதத்தில்
அன்றுதான் சிரித்தேன்.

மனைவி புஷ்பலீலாவை
"இன்ஷூரன்ஸ்" என்று கூப்பிட்டுவிடுகிறேன்.
"நான் வந்துட்டேன்,
அந்தக் காசுதான் இன்னும் வரலை" என்கிறாள்.

இப்போது காலையில்
தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்கிறேன்,
கையில் சிவப்புப் பலகை.
வாய் "போ" என்னும்,
கை நிறுத்தும்.
புதுப் பிள்ளைகளிடம் பழைய பிள்ளைகள்:
"மாமா வாயைக் கேக்காதே, கையைப் பாரு."

குலையேற்றிய லோரி ஒன்று
முனகியபடி எனக்காக நிற்கிறது.
நன்றி சொல்லத்தான் நினைத்தேன்.
"வாழைப்பழம்!"
ஹார்ன் அடித்துப் போகிறான்.